கடலடியில் ஒரு கோரைக் கிழங்கு

ஞாயிறு, காலை ஐந்து இருபது. கீழ்வேளூர் பஸ் நிறுத்தம். இங்கிருந்து நாகப்பட்டினம் பதின்மூன்று கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. ஆக, கால் காசு செலவில்லாமல் கடலுக்குப் போய்விடலாம். அப்படியிருந்தும் இந்த நாற்பத்தாறு வருஷத்தில் நான் ஒரு தடவைகூடக் கடல்மேல் போனதில்லை. வேளாங்கண்ணிக்குப் போனால் கணுக்கால் நனைய நிற்பேன், அலை முழங்காலுக்கு வந்தால் புடவையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிடுவேன். நான் வயல்காரி. எனக்குத் தண்ணீர் என்றால் வாய்க்காலில் வருவது, வராதது, வந்துவிட்டு வடியாதது, அவ்வளவுதான்.

போகிற காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அஞ்சலை என்று ஒருத்தி வாராவாரம் வியாழக்கிழமை எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருவாள். நாகைக்குத் தெற்கே ஒரு மீனவக் கிராமத்துக்காரி. ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், எழுதவில்லை. போன வியாழன் மீனை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "வசந்தாக்கா, எங்க வீட்டுக்காரரு ஒங்கள ஒரு தடவ கடலுக்கு அழைச்சிட்டு வரச் சொன்னாருக்கா."

"என்னையா? நான் எதுக்குடி?"

"பார் காணாமப் போயிடுச்சாம். நீங்க வந்து பாக்கணுமாம்."

பார் என்றால் கடலடியில் கிடக்கும் பாறைத் திட்டு. அதன் மேல் பவளம் பூத்திருக்கும், அதில் மீன் ஒதுங்கும், அங்கே தூண்டில் போட்டுத்தான் அவள் புருஷன் கலியபெருமாள் பிழைக்கிறார். அதெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பாறை எப்படிக் காணாமல் போகும்? போனாலும் அதை நான் வந்து என்னத்தைப் பார்ப்பது? ஆடு காணோம் மாடு காணோம் என்றாலாவது தேடலாம். அவள் சங்கரா மீனைக் கழுவிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஆனால் இது தூர் வாரும் விவகாரமாகத்தான் இருக்கும் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு யூகம் இருந்தது. அந்த ஊர் மீன்பிடித் துறைமுகம் ஆற்று முகத்துவாரத்தில்தான் இருக்கிறது. அங்கே மாசி, பங்குனியில் மணல் தோண்டும் கப்பலை வைத்துத் தூர் வாரி, பொக்லைனால் ஆற்றங்கரையையும் வெட்டி அகலப்படுத்தினார்கள். இரண்டாம் சுற்று இனிமேல்தான். அதற்கு வரும் செவ்வாய்க்கிழமை கூட்டம். எங்கள் ஊர் வடிகால் தண்ணீரும் அதே முகத்துவாரம் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. முகத்துவாரம் அடைத்துக்கொண்டால் கார்த்திகை மழையில் எங்கள் சம்பா கழுத்து வரை தண்ணீரில் நிற்கும். போன பட்டத்தில் அப்படித்தான் ஒன்பது நாள் நின்றது. ஏழு மா நிலம், அதாவது இரண்டேகால் ஏக்கருக்குக் கொஞ்சம் மேல், அத்தனையும் அழுகி நாற்றமெடுத்தது. வீட்டுக்காரர் மஸ்கட்டிலிருந்து போன் போட்டு, "பயிர் எப்படி இருக்கு வசந்தா?" என்று கேட்டார். "நீஞ்சுது" என்றேன்.

அந்த ஆத்திரத்தில்தான் தை மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த முதல் கூட்டத்தில் எழுந்து நின்று பேசினேன். தோண்டுகிற மண்ணைக் கரையோரத் தரிசில் கொட்டலாம் என்று யாரோ ஒரு அதிகாரி சொல்ல, எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "அது உப்பு மண்ணுங்க. கரையில கொட்டினா மழைக்குக் கரைஞ்சு எங்க வயலுக்குத்தான் வரும். கொண்டுபோய்க் கடல்ல கொட்டுங்க. கடல் என்ன நிரம்பவா போகுது?" என்றேன். மண்டபமே கை தட்டியது. அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து அந்தப் பேச்சை மஸ்கட்டுக்கும் ஒரு தடவை போனில் பேசிக் காட்டினேன்.

ஆறு மணிக்கு நாகை. அங்கிருந்து ஷேர் ஆட்டோ, முப்பது ரூபாய். ஓட்டுநர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மீன் வாங்கவாம்மா? தடைக்காலம், லாஞ்சு எதுவும் போகாது. ஐஸ் மீனுதான் கிடைக்கும்."

"மீன் வாங்க இல்லங்க. கடலுக்குள்ள ஒரு பார் இருக்காம், பவளப்பாறை. அதப் பாக்கப் போறேன்."

அவர் சிரித்த சிரிப்பில் ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. "பவளப்பாறை ராமேஸ்வரம் பக்கம்லம்மா! கண்ணாடி வச்ச போட்டுல அழைச்சிட்டுப் போய்க் காட்டுவாங்க. இங்க ஏது? யாரோ ஒங்கள நல்லா ஏமாத்திருக்காங்க."

பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவரும் ஆமாம் என்று தலையாட்டினார். காணாமல் போனது என்று அஞ்சலை சொல்கிறாள், முதலில் இருந்ததே இல்லை என்று இவர் சொல்கிறார். இறங்குவதற்குள் எனக்குப் பாதி நம்பிக்கை போய்விட்டது.

ஆறு நாற்பது. துறைமுகத்தில் லாஞ்சு என்கிற பெரிய விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. சாயம் அடிக்கிறார்கள், வலை கோக்கிறார்கள், சிலர் சீட்டாடுகிறார்கள். அஞ்சலை என் கையில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து, "குமட்டினா மோந்து பாருங்க" என்றாள். பக்கத்தில் கலியபெருமாள். ஐம்பது வயதிருக்கும். ஒல்லி, அதிகம் பேசாதவர். வணக்கம் சொல்லிவிட்டு என் செருப்பைக் காட்டி, "அத இங்கயே விட்டுடுங்க தங்கச்சி" என்றார்.

கிளம்புவதற்குள் ஒரு சிக்கல். அவரோடு வழக்கமாகக் கடலுக்குப் போகிற கூட்டாளி, படகில் பொம்பளை ஏறினால் தான் வரமாட்டேன் என்று போய்விட்டாராம். அது அந்த ஊர் வழக்கம். பெண்கள் மீன் விற்பார்கள், ஏலம் கேட்பார்கள், படகுக்கே சொந்தக்காரியாகக்கூட இருப்பார்கள், ஆனால் ஏறமாட்டார்கள். "அப்ப நான் வேணாங்க, ஒங்களுக்கு எதுக்கு வம்பு?" என்றேன். உண்மையில் எனக்கு உள்ளூர சந்தோஷம்தான், வீட்டுக்குப் போய்விடலாம். கலியபெருமாள் விடவில்லை. "நான் பேசிட்டேன். வாங்க" என்றார். கூட்டாளிக்குப் பதில் அஞ்சலையின் தம்பி குமரேசன் வந்தான். லாஞ்சு டிரைவர். தடைக்காலமானதால் கரையில் சும்மா இருக்கிறான்.

ஏழே கால். நீளமான ஃபைபர் படகு, பின்னால் ஒரு இன்ஜின். தடைக்காலம் இந்த மாதிரிச் சின்னப் படகுக்கு இல்லையாம். முகத்துவாரத்தைத் தாண்டும்போது குமரேசன் இடது கையை நீட்டிக் காட்டினான். சுண்டுவிரலும் மோதிர விரலும் இல்லை.

"இந்த எடத்துலதாங்க்கா. போன புரட்டாசி. உள்ள வர்றோம், மணல் மேடு. லாஞ்சு தட்டி ஒருக்களிச்சுச்சு, கயிறு கையில சுத்திக்கிச்சு. ரெண்டு விரலோட போச்சு. என் கூட இருந்தவரு இடுப்பு ஒடிஞ்சு இன்னும் படுத்துதான் கெடக்காரு. இப்ப பாருங்க! தூர் வாரினதுலேருந்து ஒரு போட்டு தட்டல. இன்னும் ஒரு சுத்து தோண்டினா ராஜபாட்டை."

"அப்ப தூர் வாரினது நல்லதுதானே?"

"நல்லதாவா? சாமி வந்து தோண்டுன மாதிரி!"

நான் கலியபெருமாளைப் பார்த்தேன். மறுத்துச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவரும், "அவன் சொல்றது சரிதான். தோண்டத்தான் வேணும்" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தோண்டுவது சரி என்றால் என்னை எதற்குத்தான் அழைத்து வந்தார்?

கரை மெல்ல மெல்லத் தாழ்ந்துபோனது. சும்மா சொல்லக் கூடாது, முதல் அரை மணி நேரம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் வயிறு வேலையைக் காட்டியது. எலுமிச்சம்பழத்தை மூக்கிலேயே வைத்துக்கொண்டு, வெட்கத்தை விட்டுச் சொன்னால், இரண்டு தடவை வாந்தியும் எடுத்தேன். குமரேசன் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். "மொத நாளு எல்லாருக்கும் இப்படித்தாங்க்கா" என்றான். அவனுடைய முதல் நாள் ஒன்பது வயதிலாம்.

எட்டு இருபது. கரையிலிருந்து நாலு மைல். கலியபெருமாள் இன்ஜினை நிறுத்தினார்.

"தங்கச்சி, கரையைப் பாருங்க. மாதா கோயில் கோபுரம் தெரியுதா? அதுக்கு நேர் பின்னாடி தண்ணித் தொட்டி. ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குதா?"

கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். வெள்ளையாக ஒரு கூர்முனை, அதற்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் தொட்டி. ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு நின்றன.

"இப்ப தெக்க பாருங்க. சவுக்குத் தோப்பு முடியற எடத்துல செல்போன் டவர். தோப்போட கடைசி மரமும் டவரும் ஒட்டி நிக்குதா?"

நின்றது.

"இந்த ரெண்டு அடையாளமும் ஒரே நேரத்துல சேர்ற எடம் கடல்ல ஒண்ணே ஒண்ணுதான். அதுல நாம இருக்கோம். கீழ பார்."

கரையில் ஏதும் புதிதாகக் கட்டினால், மரத்தை வெட்டினால் இவர்களுக்கு அடையாளம் மாறிவிடும். ஜி.பி.எஸ். கருவியும் வைத்திருக்கிறார். எடுத்துக் காட்டினார். அதுவும் இதே இடம் என்றுதான் சொன்னது. ஆனால் பங்குனிக் கடைசியில் ஒரு நாள் வந்து தூண்டில் போட்டபோது மீன் இல்லை. ஈயக் குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கியிருக்கிறார். பாறையில் பட்டால் 'டக்' என்று கைக்குத் தெரியும். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. குண்டு சத்தமில்லாமல் போய் உட்கார்ந்துகொண்டது.

"எடம் மாறி வந்துட்டோம்னு நெனச்சேன். சுத்திச் சுத்தி மூணு தடவ வந்தேன். அடையாளம் சரி. மிஷினு சரி. பார் மட்டும் இல்ல. அந்த வாரம்தான் மாதா கோயிலுக்கு வெள்ளை அடிச்சிருந்தாங்க. ஒருவேள கோபுரத்தையே தள்ளிக் கட்டிட்டாங்களோன்னு கரைக்கு வந்ததும் நேரா அங்க போயிப் பாத்தேன்."

குமரேசன் வாய்விட்டுச் சிரித்தான். "கோயில் உபதேசியார்கிட்ட, கோபுரத்த நகத்துனீங்களான்னு கேட்டுருக்காருக்கா! அவரு பாவம், இவருக்கு ஜுரம்னு நெனச்சு மாத்திரை குடுத்து அனுப்பிட்டாரு."

கலியபெருமாளும் சிரித்தார். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு வருகிற இடத்தில் ஒரு மனிதர் தன் புத்தியையே சந்தேகப்பட்டிருக்கிறார். ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் என் வயல் இருந்த இடத்தில் வயல் இல்லை என்றால் நானும் அப்படித்தானே சுற்றிச் சுற்றி வருவேன்?

கயிற்றை என் கையில் கொடுத்தார். "நீங்களே விட்டுப் பாருங்க." குண்டு இறங்கிக்கொண்டே இருந்தது. எட்டுப் பாகம் என்றார். இரண்டு கைகளையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம். நின்றது தெரியக்கூட இல்லை. கயிறு தளர்ந்தபோதுதான் தெரிந்தது. நாற்றங்கால் சேற்றில் கால் வைத்தால் இறங்குமே, அந்த மாதிரி இருந்தது.

"இதாங்க முன்னாடி பார். ரெண்டு வயலு அகலம் இருக்கும்" என்றார், எனக்காக வயல் கணக்கில். "செடி மாதிரி, விசிறி மாதிரிப் பூத்திருக்கும். சிவப்பு, மஞ்சள். தெளிஞ்ச நாள்ல முங்கிப் பாத்துருக்கேன். தூண்டில்ல சிக்கி ஒரு துண்டு வந்தாக்கூட, திருப்பி அந்த எடத்துலயே போட்டுடுவோம். பாதிக்கு மேல மூடிடுச்சு. வடக்கு ஓரம் மட்டும் இன்னும் கையில தட்டுது. செவ்வாக்கிழம கூட்டத்துல மறுபடி இதே பக்கம் கொட்டலாம்னு எழுதிட்டாங்கன்னா அதுவும் போயிடும். அப்புறம் போட்ட வித்துட்டு நான் வேற எங்கயாவது கூலிக்குத்தான் போவணும்."

கை தட்டிய அந்தக் கல்யாண மண்டபம் எனக்கு நினைவுக்கு வந்தது.

குமரேசன் ஒப்புக்கொள்ளவில்லை. "மாமா, கொட்டினதால மூடுச்சுன்னு யாரு பாத்தா? ஐப்பசியில அந்த வெள்ளம் வந்துச்சே, ஆத்து மண்ணு பூரா கடலுக்குத்தானே வந்துச்சு? அது வந்து மூடியிருக்கலாம்ல? ஆபீசுல கேட்டதுக்கு, இந்தப் பக்கம் பவளப்பாறையே வரைபடத்துல இல்லங்கறாங்க. இல்லாத பாறைய எந்த மண்ணு மூடுச்சுன்னு யாருகிட்ட போயிச் சொல்றது?"

நியாயமாகத்தான் பட்டது. நானும் சட்டென்று அந்தப் பக்கம் சாய்ந்துகொண்டேன். "ஆமாண்ணே, வெள்ளமா இருக்கும்" என்றேன். எவ்வளவு ஆசையாகச் சொன்னேன் என்பது எனக்கே கேட்டது. வெள்ளமாக மட்டும் இருந்துவிட்டால் நான் பாட்டுக்கு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கலாம்.

படகு கொஞ்சம் நகர்ந்திருந்தது. நிறுத்துவதற்காகப் போட்ட நங்கூரம் பிடிக்காமல் இழுபட்டுக்கொண்டே வந்தது. பாறையில் மாட்ட வேண்டியது சேற்றில் வழுக்குகிறது. கலியபெருமாள் அதை மேலே இழுத்தார். நாலு கொம்பு உள்ள சின்ன நங்கூரம். அதில் இரண்டு கொம்புக்கு நடுவே ஒரு கை அளவுக்குக் களிமண் அடைத்துக்கொண்டு வந்தது. எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"நீங்க மண்ணு தெரிஞ்சவங்க. இது எந்த மண்ணு, சொல்லுங்க."

கையில் வாங்கியதும் எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? அடடா, என்ன அருமையான மண் என்றுதான். எண்ணெய் மாதிரி வழவழப்பு. விரலில் தேய்த்தால் மணல் நெருடவே இல்லை. உப்பு மட்டும் இல்லையென்றால் இதில் எதைப் போட்டாலும் முளைக்கும். புத்தி அந்த நேரத்திலும் வயலிலேயே கிடந்தது.

பிறகுதான் பிட்டுப் பார்த்தேன். வெள்ளத்தில் வருகிற வண்டல் மாவு மாதிரி வந்து, மெழுகினது போலப் படியும். காய்ந்தால் பாளம் பாளமாக எழும்பும். இது அப்படிப் படிந்த மண் இல்லை. கட்டி. ஒரு பக்கம் கத்தியால் வெட்டினாற்போல் வழவழவென்று இருந்தது. பொக்லைன் வாளி கொத்தினால் கரை மண் அப்படித்தான் வரும். ஒவ்வொரு சித்திரையிலும் வாய்க்கால் ஓரம் நின்று பார்க்கிறேனே. கட்டியை இரண்டாக உடைத்தேன். உள்ளே கறுப்பாக, குண்டுமணி அளவுக்கு ஒன்று இருந்தது. அதிலிருந்து நூல் மாதிரி வேர். நகத்தால் கீறினேன். உள்ளே வெள்ளை.

கோரைக் கிழங்கு.

பிறந்ததிலிருந்து நான் பிடுங்கிக்கொண்டிருக்கிற களை. இடுப்பு ஒடியப் பிடுங்கினாலும் கிழங்கு உள்ளே நின்று, மறு வாரம் சிரித்துக்கொண்டு எழுந்து நிற்கும். அது ஆற்றங்கரையில் முளைக்கும், வரப்பில் முளைக்கும், என் வயலில் யாரையும் கேட்காமலே முளைக்கும். ஆனால் கடலுக்கடியில் எட்டுப் பாகத்தில் முளைக்காது. வெள்ளத்தில் மிதந்து வந்தாலும் இப்படி மண்ணுக்குள் வேரோடு இருக்காது. கரையைக் கட்டியாக வெட்டி, கொண்டுவந்து இங்கே போட்டால்தான் இருக்கும். கிழங்கோடு கூடவே மண்ணில் ஒரு சின்னத் துண்டு ஒட்டியிருந்தது. விசிறி மாதிரி, வலை பின்னினாற்போல். சிவப்பு போய்ப் பழுப்பாகிவிட்டது. பவளம் என்று நான் முதன்முதலில் கையில் எடுத்துப் பார்த்தது அதைத்தான்.

"வெள்ளம் இல்லண்ணே" என்றேன். "இது வெட்டின மண்ணு. எங்க மண்ணு." குமரேசன் கிழங்கை வாங்கிப் புரட்டிப் பார்த்தான். விரல் இல்லாத கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

இனி வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "அண்ணே, கடல்ல கொட்டச் சொன்னது நான்தான். தை மாசக் கூட்டத்துல எந்திரிச்சு நின்னு, கடல் என்ன நிரம்பவா போகுதுன்னு கேட்டவ நான்தான்."

"தெரியும்" என்றார் கலியபெருமாள்.

"தெரியுமா?"

"கடைசி வரிசையில நின்னுட்டுருந்தேன். எல்லாரும் கை தட்டுனாங்க. நானும் தட்டுனேன். இங்கதான் கொட்டுவாங்கன்னு எனக்கு அப்ப தெரியல, தங்கச்சி."

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் திருப்பித் திட்டியிருப்பேன், அது எனக்கு நன்றாக வரும். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல் உட்கார்ந்திருந்தேன். தோண்டினால் குமரேசனுக்குக் கை கால் மிஞ்சும், என் பயிர் மிஞ்சும். தோண்டின மண்ணைக் கரையில் போட்டால் என் வயல் போகும். இங்கே போட்டால் இவர் பார் போகும்.

"இன்னும் தெக்க தள்ளிக் கொட்டச் சொல்லலாமா?"

"அங்க பக்கத்து ஊருக்காரங்க பார் இருக்கு."

"இன்னும் ஆழத்துல?"

"ஆழத்துல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. போனதில்ல. தெரியாத எடத்த சும்மா கெடக்குன்னு என் வாயால நான் சொல்லமாட்டேன்" என்றார். பிறகு, "எங்க கொட்டணும்னு கேட்டு ஒங்கள அழைச்சிட்டு வரல. செவ்வாக்கிழம எந்திரிச்சு நில்லுங்க. அன்னைக்கு எவ்ளோ சத்தமாப் பேசுனீங்களோ அவ்ளோ சத்தமா, பார் இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. நாங்க சொன்னா, மீனுக்காகச் சொல்றோம்பாங்க. வயல்காரங்க வேணாம்னு சொன்னாத்தான் எழுதுனத மாத்துவாங்க" என்றார்.

பத்தே முக்காலுக்குக் கரை. அஞ்சலை வீட்டில் சோறு. அவளே மீன்காரி. அன்றைக்கு அவள் வீட்டில் வைத்த குழம்பு நெத்திலிக் கருவாடு. "பார் மீனு கலவா போடணும்னு நெனச்சேங்க்கா, எங்க கெடைக்குது?" என்றாள். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "இருங்க, அப்பளம் பொரிக்கறேன்" என்று எழுந்து போனாள். குமரேசன் கை கழுவும்போது, "ஆனாலும் முகத்துவாரம் தோண்டணும்ங்க்கா, அத மறந்துடாதீங்க" என்றான். மறக்கமாட்டேன் என்றேன். மறக்க முடிந்தால் எவ்வளவு சௌகரியம்!

ஒன்றரை மணிக்கு ஷேர் ஆட்டோ. அதே முப்பது ரூபாய். இந்தத் தடவை வேறு ஓட்டுநர், அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஏதாவது கேட்பார் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. சிக்கல் ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல். கோடைக்குக் காய்ந்து வெடித்துக் கிடந்தது. எப்போதும் எனக்கு இந்த இடம் வந்ததும் ஒரு தெம்பு வரும். யார் வயல், எந்த வாய்க்காலில் பாய்கிறது, வரப்பில் யாருக்கும் யாருக்கும் சண்டை, எல்லாம் கையில் எழுதினாற்போல் தெரியும். கடலில் எனக்கு எதுவுமே தெரியவில்லை. தெரியாததால்தான் அதை யாருக்கும் சொந்தமில்லாத வெற்றிடம் என்று நினைத்திருக்கிறேன். அங்கே வரப்பில்லை, அவ்வளவுதான். மற்றபடி ஆள் இருக்கிறார், அடையாளம் இருக்கிறது, எடுத்ததைத் திருப்பிப் போடுகிற வழக்கம்கூட இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை எழுந்து நிற்பேன். பஸ்ஸிலேயே அதை முடிவு செய்துவிட்டேன். பார் இருக்கிறது, அதன் துண்டை நான் தொட்டுப் பார்த்தேன், போன தடவை நான் சொன்னது தப்பு, அதை அடித்துவிடுங்கள் என்று சொல்வேன். கோரைக் கிழங்கை முந்தானையில் முடிந்து எடுத்து வந்திருக்கிறேன், மேஜைமேல் வைப்பேன். "அப்ப மண்ணை எங்கேம்மா கொட்டறது?" என்று கேட்பார்கள். அதற்குப் பதில் இதை எழுதுகிற இந்தத் திங்கட்கிழமை வரை என்னிடம் இல்லை. கடைமடையில் எனக்கு உவர் ஏறிய இரண்டு மா சும்மாதான் கிடக்கிறது. அதைச் சொல்ல வாய் வருமா? பக்கத்து வயல்காரர்கள் என்னை விடுவார்களா? உப்பு அங்கேயே நிற்குமா? குழப்பமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது.

மூன்று மணிக்கு ஊர். மேட்டூர் திறப்பதற்குள் முடிக்க வேண்டும் என்று, ஞாயிறு என்றும் பார்க்காமல் எங்கள் வாய்க்காலில் பொக்லைன் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தால் எனக்கு எப்போதும் வயிறு குளிரும். ஓட்டுகிற ரவி வருஷா வருஷம் வருகிறவன், நன்றாகப் பழக்கம். என்னைப் பார்த்ததும் வாளியை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு கத்தினான்: "அக்கா, மண்ணை அந்தப் பக்கம் தள்ளிடவா?"

தள்ளு தள்ளு என்று சொல்ல வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டேன்.

"அந்தப் பக்கம் யாரோடதுடா?"

இன்ஜினைத் தணித்துக் காதைக் கொடுத்தான். மறுபடி கேட்டேன்.

"யாரோடதும் இல்லக்கா. சும்மா கெடக்கற எடம்."

"யாரு சொன்னா?"

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். வெயிலில் போய் வந்ததில் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பான்.

"நீங்கதாங்க்கா" என்றான். "போன வருஷம்."

கொஞ்சம் பொறு என்று அவனுக்குக் கை காட்டிவிட்டு, செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்தேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பக்கம் இறங்கினேன்.